‘அக்கா’ என்றால் எந்த அக்கா?

கொட்டாஞ்சேனையில் ஒரு சிறிய மண்டபம். 2018ஆம் ஆண்டில் ஒரு சனிக்கிழமை பின்னேரம். பதினைந்து பெண்கள் வரை வாங்குகளில் அமர்ந்திருந்தார்கள். எல்லோருமே யுத்தத்தில் எதையோ, யாரையோ இழந்தவர்கள். அவர்களுக்கென நான் செய்து முடித்திருந்த ஓர் இணையப் பக்கத்தை அன்றுதான் முதன்முதலாக அவர்களுடைய கைத்தொலைபேசிகளில் திறந்து காட்டினேன். பாவித்துப் பார்த்துவிட்டுக் குறை நிறைகளைச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

சற்று நேரத்தில் பின்வாங்கிலிருந்து ஒரு சகோதரி எழுந்து வந்தார். விசுவமடுப் பக்கத்தவர். 2009ஆம் ஆண்டிலிருந்து கணவரைத் தேடிக்கொண்டிருப்பவர். வெள்ளவத்தையில் ஒரு புடைவைக் கடையில் வேலை செய்கிறார். தொலைபேசியை என்னிடம் நீட்டினார்.

“அக்கா, நான் ‘காணவில்லை’ எண்டதைத்தான் அமத்தினனான். இதில ‘இறப்பு’ எண்டெல்லோ வருது. நான் பிழையா அமத்திப்போட்டனோ?”

வாங்கி நானும் அழுத்திப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. ‘காணவில்லை’ என்ற தலைப்பைத் தொட்டால், இறப்பைப் பதிவு செய்வது எப்படி என்ற விளக்கம்தான் திறந்தது.

“போற இடமெல்லாம் மரணச் சான்றிதழை எடுங்கோ எண்டுதான் சொல்லினம். உங்கட கொம்பியூட்டரும் அதைத்தான் சொல்லுதோ?” என்று கேட்டார். அவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தப் பிழையை அவர் செய்யவில்லை, நான் செய்தேன். இணையப் பக்கம் செய்யும் வேலையில் அது மிகச் சாதாரணமான பிழை. கணினி படித்து வீட்டிலிருந்தே இந்தத் தொழிலைச் செய்ய முயலும் சகோதரிகள் எம்மில் பலர் இருக்கின்றார்கள். தொழில் செய்யாவிட்டாலும், விபரம் தேடி இணையப் பக்கங்களை அழுத்திப் பார்ப்பவர்கள் அதைவிட அதிகம். இரு சாராருக்கும் பயன்படும் என்பதால் நடந்ததை விபரமாக எழுதுகிறேன்.

இரண்டு சான்றிதழ்கள்

அந்தப் பக்கத்தில் எதற்காக அந்தத் தலைப்புகள் வந்தன என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

யுத்தத்தின்போது காணாமற்போனவர்களை, ஓராண்டுக்கு மேல் தகவல் எதுவும் இல்லாதவிடத்து இறந்தவர்களாகக் கருதிப் பதிவு செய்வதற்கு 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் வழி செய்தது. ஆனால் பல தாய்மாரும் மனைவிமாரும் அதற்கு உடன்படவில்லை. ‘எங்கேயாவது உயிரோடு இருப்பார்’ என்று காத்திருப்பவரிடம் மரணச் சான்றிதழை எடுத்துக்கொள் என்பது எவ்வளவு பெரிய கொடுமை என்பதை வாசகியருக்கு நான் விளக்கத் தேவையில்லை. மறுபுறம், எந்தப் பத்திரமும் இல்லாமல் உதவிக்கு விண்ணப்பிக்கவும் முடியாது, கணவரின் பெயரிலுள்ள சொத்தைப் பராமரிக்கவும் முடியாது.

இதற்கு ஒரு மாற்றாகத்தான் 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வந்தது. அதன்படி, இறந்துவிட்டார் என்று சொல்லாமல், காணவில்லை என்பதை மட்டும் உறுதிப்படுத்தும் ஒரு சான்றிதழைப் பதிவாளர் நாயகம் வழங்கலாம். அதனை வைத்துக்கொண்டு நலன்புரி உதவிகளுக்கு விண்ணப்பிக்கவும், காணாமற்போனவரின் சொத்தைத் தற்காலிகமாகப் பராமரிக்கவும் முடியும். தேடுவதை நிறுத்த வேண்டியதில்லை.

ஆகவே, ‘இறப்பு’ என்பதும் ‘காணவில்லை’ என்பதும் எம்மவர்களுக்கு வெறும் இரண்டு தலைப்புகள் அல்ல. ஒன்றைத் தொட்டால் மற்றது திறப்பதை ‘சின்னப் பிழைதானே’ என்று விட்டுவிட முடியாது.

பக்கம் எப்படி அமைந்திருந்தது?

பழைய அலுவலகக் கோப்புகளை நினைத்துப் பாருங்கள். ஓரத்தில் சிறு அட்டைத் துண்டுகள் நீட்டிக்கொண்டிருக்கும். ‘காணி’ என்று எழுதிய துண்டைப் பிடித்து இழுத்தால் காணிக் கடதாசிகள் வரும். இணையப் பக்கத்திலும் அப்படி ஓர் ஏற்பாடு உண்டு. மேலே வரிசையாகச் சில பொத்தான்கள் இருக்கும். ஒன்றை அழுத்தினால் அதற்குரிய பகுதி கீழே திறக்கும், மற்றவை மறையும். இந்தப் பொத்தான்களை ‘டப்’ என்று சொல்வார்கள். தமிழில் ‘தாவல்’ என்கிறார்கள். கீழே திறக்கும் பகுதியை நான் ‘பலகை’ என்று சொல்கிறேன். தாவல்களும் அவற்றின் பலகைகளும் சேர்ந்தது ஒரு ‘தொகுதி’.

1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழி, ஆங்கிலம் இணைப்பு மொழி. ஆகவே இந்த நாட்டில் பொது விபரங்களைத் தரும் பக்கம் மூன்று மொழிகளில் இருப்பதுதான் முறை. எனவே மேலே மூன்று பெரிய தாவல்கள் வைத்தேன்: தமிழ், சிங்களம், ஆங்கிலம். ஒவ்வொரு மொழிப் பலகைக்கு உள்ளேயும் மீண்டும் மூன்று சிறிய தாவல்கள்: இறப்பு, காணவில்லை, காணி. கூட்டிப் பார்த்தால் பெரிய பலகைகள் 3, சிறிய பலகைகள் 9, எல்லாமாக 12.

இந்தப் பன்னிரண்டில்தான் வில்லங்கமே தொடங்கியது.

மாடிப்படியில் நின்று கூப்பிட்டால்

கணினிக்கு எதையாவது செய்யச் சொல்லும்போது, யாருக்குச் செய்ய வேண்டும் என்றும் சொல்ல வேண்டும். ‘மறை’ என்றால் எதை மறைப்பது? ‘சிவப்பாக்கு’ என்றால் எதைச் சிவப்பாக்குவது? இப்படி ஆளைச் சுட்டிக் காட்டும் குறிப்புக்கு ‘செலக்டர்’ என்று பெயர். தெரிவு செய்வது என்று பொருள். பக்கங்களுக்கு நிறமும் அழகும் கொடுக்கும் ‘சி.எஸ்.எஸ்.’ என்ற முறையை நோர்வே நாட்டவரான ஹோகோன் வியூம் லீ 1994ஆம் ஆண்டில் முன்மொழிந்தார். செலக்டர் அதில் முக்கியமான ஓர் அங்கம். 2006ஆம் ஆண்டில் ஜோன் ரெசிக் வெளியிட்ட ‘ஜேகுவெரி’ என்ற நிரல் தொகுப்பு, இதே செலக்டர்களை வைத்துப் பகுதிகளை மறைக்கவும் காட்டவும் இலகுவான வழியைத் தந்தது. நானும் அதைத்தான் காலி வீதியில் ஒரு வகுப்பில் படித்தேன். பழைய பக்கங்கள் பலவற்றில் அது இன்றும் இருக்கிறது.

செலக்டர் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு வெள்ளவத்தைத் தொடர்மாடிகளை உதாரணமாகச் சொல்லலாம். கீழே மாடிப்படியடியில் நின்று “அக்கா!” என்று ஒரு பிள்ளை கூப்பிட்டால் என்ன நடக்கும்? முதலாம் மாடியிலும் ஓர் அக்கா எட்டிப் பார்ப்பார், மூன்றாம் மாடியிலும் ஓர் அக்கா எட்டிப் பார்ப்பார், பக்கத்து வீட்டு அக்காவும் யன்னலைத் திறப்பார். பிள்ளையில் பிழையில்லை. அந்தப் பிள்ளையின் மனதில் ஓர் அக்காதான் இருந்தார். ஆனால் வாயில் வந்த சொல் எல்லா அக்காமாருக்கும் பொருந்திவிட்டது. “மூன்றாம் மாடி, இடப்பக்க வீட்டு அக்கா” என்று கூப்பிட்டிருந்தால் ஒருவர்தான் பார்த்திருப்பார்.

கணினிக்கு எமது மனதில் உள்ளது தெரியாது. சொன்ன சொல் யாருக்கெல்லாம் பொருந்துமோ அவர்கள் எல்லோரிலும் கட்டளையை நிறைவேற்றும்.

பெயர்களைத் தமிழிலேயே வைத்து விளக்குகிறேன். உலாவிகள் தமிழ்ப் பெயர்களையும் ஏற்றுக்கொள்ளும். பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்தால் ‘இந்த வகுப்பைச் சேர்ந்தவை எல்லாம்’ என்று பொருள். எனது நிரல் இப்படி இருந்தது:

‘.தாவல்’ எதையாவது அழுத்தினால், முதலில் ‘.பலகை’ எல்லாவற்றையும் மறை. பிறகு, அழுத்தியது எத்தனையாவது தாவலோ, ‘.பலகை’களில் அத்தனையாவதைக் காட்டு.

இதை நான் பல ஆண்டுகளாகப் பாவித்து வந்தேன். ஒருநாளும் பிழைத்ததில்லை. ஏனென்றால் அதுவரை நான் செய்த பக்கங்களில் ஒரேயொரு தொகுதிதான் இருந்தது. ஓர் அக்கா மட்டும் இருக்கும் வீட்டில் “அக்கா” என்று கூப்பிட்டால் குழப்பம் வராது.

முதற் பிழையும் எனது ஒட்டுவேலையும்

மண்டபத்தில் கூடுவதற்கு முதல்நாள் இரவே ஒரு பிழையைக் கண்டேன். தமிழ்ப் பலகைக்குள் இருந்த ஒரு சிறிய தாவலை அழுத்தியதும் பக்கம் முழுவதும் வெறுமையாகிவிட்டது. மேலே ‘தமிழ்’ என்ற பெரிய தாவலில் இருந்த நிறமும் போய்விட்டது.

காரணம் இதுதான். ‘.பலகை எல்லாவற்றையும் மறை’ என்றதும் கணினி 12 பலகைகளையும் மறைத்துவிட்டது. அவற்றுள் பெரிய தமிழ்ப் பலகையும் ஒன்று. பெரியது மறைந்தபின் அதற்குள்ளே இருக்கும் சிறியதைக் காட்டச் சொல்லிப் பயனில்லை. வெளிக் கதவைப் பூட்டிவிட்டு உள் அறையைத் திறந்து வைத்தது போலத்தான். தாவலின் நிறமும் அதே மாதிரித்தான் போனது. ‘எல்லாத் தாவல்களிலிருந்தும் நிறத்தை எடு’ என்று எழுதியிருந்தேன். மொழித் தாவல்களும் தாவல்கள்தானே?

நேரம் இரவு பதினொன்றைத் தாண்டியிருந்தது. அவசர அவசரமாக ஓர் ஒட்டு ஒட்டினேன். சிறிய தாவல்களுக்கு மட்டும், ‘.பலகை .பலகை’ என்று மாற்றினேன். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளிக்கு ‘பலகைக்கு உள்ளே இருக்கும் பலகை’ என்று பொருள். இனிப் பெரிய பலகை மறையாது. நிறம் எடுக்கும் வரியையும் அதேபோல மாற்றினேன். இரண்டாவது, மூன்றாவது தாவல்களை அழுத்திப் பார்த்தேன். ஏதோ திறந்தது. சரி என்று படுத்துவிட்டேன்.

‘மறை’ என்ற வரியைத் திருத்தினேனே தவிர, ‘காட்டு’ என்ற வரி பழையபடியே இருந்தது. அது இன்னமும் பக்கத்திலுள்ள எல்லாப் பலகைகளையும் எண்ணிக்கொண்டிருந்தது. பக்கத்தில் முதலாவது பலகை எது? பெரிய தமிழ்ப் பலகை. இரண்டாவது, அதற்குள்ளே உள்ள ‘இறப்பு’. மூன்றாவது ‘காணவில்லை’. ஆகவே இரண்டாவது தாவலான ‘காணவில்லை’யை அழுத்தினால் இரண்டாவது பலகையான ‘இறப்பு’ திறக்கும். ‘காணி’யை அழுத்தினால் ‘காணவில்லை’ திறக்கும். முதலாவது தாவலை அழுத்தினால் சிறிய பலகை எதுவுமே திறக்காது. ‘சிங்களம்’ என்ற பெரிய தாவலை அழுத்தினாலோ வெறுமைதான். அங்கே அழுத்தும்போது திறப்பது தமிழ்ப் பகுதிக்குள் இருக்கும் பலகை. தமிழ்ப் பகுதி அப்போது மறைந்திருக்கும்.

இதை நான் ஏன் அன்றிரவே காணவில்லை? மூன்று காரணங்கள். ஒன்று, பலகைகளில் அப்போது உண்மையான விபரங்கள் இருக்கவில்லை. எல்லாவற்றிலும் ஒரே மாதிரியான நிரப்பு வசனங்களைப் போட்டு வைத்திருந்தேன். ஏதோ திறக்கிறது என்று பார்த்தேனே தவிர, எது திறக்கிறது என்று பார்க்கவில்லை. உண்மையான விபரங்களை மறுநாள் காலையில்தான் ஏற்றினோம். இரண்டு, முதலாவது பலகை பக்கம் திறக்கும்போதே திறந்திருக்கும் என்பதால் அந்தத் தாவலை நான் அழுத்தவேயில்லை. மூன்று, சிங்களப் பகுதியைத் திறந்து பார்க்கவேயில்லை.

நான் பார்க்காமல் விட்டதை, பதினைந்து பேர் நடுவில் அந்தச் சகோதரி பார்த்தார்.

தொட்ட இடத்திலிருந்து

அன்று இரவு ஒட்டுவேலையை எல்லாம் கழற்றிவிட்டு, நிரலை முதலிலிருந்து எழுதினேன். மாற்றியது ஒரு விடயத்தைத்தான். பக்கத்தின் உச்சியிலிருந்து ‘எல்லாப் பலகைகளும்’ என்று தேடத் தொடங்காமல், அழுத்தப்பட்ட தாவலிலிருந்து தேடத் தொடங்கச் சொன்னேன்.

முதலில், அழுத்தப்பட்ட தாவலிலிருந்து மேல்நோக்கிப் போய், அதனைக் கொண்டிருக்கும் மிக அண்மையான ‘.தொகுதி’யைக் கண்டுபிடி. ஜேகுவெரியில் இதற்கு ‘குளோசஸ்ட்’ என்ற கட்டளை 2009ஆம் ஆண்டு முதல் இருக்கிறது. இப்போது ஜேகுவெரி இல்லாமலே எல்லா நவீன உலாவிகளிலும் உண்டு. பிறகு, அந்தத் தொகுதியின் நேரடிப் பிள்ளைகளான பலகைகளை மட்டும் மறை. அவற்றுள் உரியதைக் காட்டு.

‘நேரடிப் பிள்ளை’ என்பது முக்கியம். ‘.தொகுதி .பலகை’ என்று இடைவெளி விட்டு எழுதினால் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் அகப்படுவார்கள். ‘.தொகுதி > .பலகை’ என்று அம்புக்குறி போன்ற அடையாளத்தை இட்டால் பிள்ளைகள் மட்டும். மொழித் தொகுதியின் பிள்ளைகள் மூன்று பெரிய பலகைகள். அவற்றுக்குள் இருக்கும் ஒன்பதும் பேரப்பிள்ளைகள். இந்த வித்தியாசத்தைக் கவனியாவிட்டால், சிங்களத்துக்குப் போய்த் திரும்பத் தமிழுக்கு வரும்போது உள்ளே எல்லாம் மறைந்து கிடக்கும்.

இதைவிடவும் உறுதியான வழி ஒன்றுண்டு. எண்ணிக்கையையே நம்பாமல், ஒவ்வொரு தாவலும் தன் பலகையின் தனிப்பெயரைச் சொல்லுமாறு செய்வது. ‘தமிழ்-காணவில்லை’ என்ற தாவலுக்கு ‘தமிழ்-காணவில்லை’ என்ற பலகை. இடையில் இன்னொரு பலகையைச் சேர்த்தாலும் எண்ணிக்கை பிசகாது. இணையத் தரங்களை வகுக்கும் ‘டபிள்யூ-த்ரீ-சி’ அமைப்பு 2014ஆம் ஆண்டில் பரிந்துரைத்த ‘ஏரியா’ என்ற விதிகளிலும் இந்தத் தாவலுக்கு இந்தப் பலகை என்று பெயர் சொல்லிக் குறிக்க இடமுண்டு. அவ்விதிகளின்படி செய்தால், பார்வையற்ற ஒருவர் பாவிக்கும் திரை வாசிப்பு மென்பொருள் ‘இது தாவல், இது தெரிவு செய்யப்பட்டுள்ளது’ என்று சொல்லும். யுத்தத்தில் கண்ணை இழந்த சகோதரிகளும் எம்மிடையே இருக்கின்றார்கள் என்பதை மறக்கக்கூடாது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. தனிப்பெயர் ஒரு பக்கத்தில் ஒருவருக்கே இருக்க வேண்டும். தமிழ்ப் பகுதியைப் பிரதி பண்ணிச் சிங்களப் பகுதியைச் செய்யும்போது பெயர்களும் அப்படியே பிரதியாகிவிடும். பிறகு சிங்களத் தாவலை அழுத்த, முதலில் அகப்படும் தமிழ்ப் பலகை திறக்கும். நானும் ஒருமுறை அப்படிச் செய்திருக்கிறேன்.

எல்லோருக்குமான ஒரு கட்டளை

இதை எழுதும்போது இன்னொரு நினைவும் வருகிறது. 2007ஆம் ஆண்டு ஜூன் மாதம் 7ஆம் திகதி அதிகாலையில், வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை முதலிய இடங்களில் விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்கள் 370இற்கும் மேற்பட்டோர் பஸ்களில் ஏற்றப்பட்டுக் கொழும்பிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். வைத்தியத்துக்கு வந்தவர், வெளிநாட்டுப் பயணத்துக்குக் காத்திருந்தவர், வேலை தேடி வந்தவர் என்று பார்க்கவில்லை. தமிழர், விடுதியில் தங்கியிருப்பவர் என்பதே போதுமாயிருந்தது. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனுவின் பேரில், மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

அதையும் ஒரு கணினிப் பிழையையும் ஒன்றென்று நான் சொல்ல வரவில்லை. அது மனிதர்கள் தெரிந்து எடுத்த முடிவு. ஆனால் ‘இந்தச் சொல் யாரையெல்லாம் பிடிக்கும்?’ என்று கேட்காமல் ஒரு கட்டளையை விட்டால், அதன் சுமை யாருடைய தலையில் விழும் என்பதை அறிந்தவர்கள் நாங்கள். எங்கள் கையால் எழுதும் கட்டளையிலாவது அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும்.

தொழில் செய்யும் சகோதரிகளுக்கு

செலக்டர் அளவுக்கு மீறி அகன்றிருக்கிறதா என்பதைக் கண்டுபிடிக்க நான் கடைப்பிடிக்கும் முறைகள் இவை.

முதலில் எண்ணிப் பாருங்கள். குரோம் உலாவியில் எஃப் 12 பொத்தானை அழுத்தினால் பக்கத்தின் உள்ளமைப்புத் தெரியும். ‘எலிமென்ட்ஸ்’ என்ற பகுதியில் கண்ட்ரோலும் எஃப் எழுத்தும் சேர்த்து அழுத்தினால் ஒரு தேடல் பெட்டி வரும். அதில் உங்கள் செலக்டரை எழுதுங்கள். எத்தனை அகப்படுகின்றன என்று சொல்லும். நான் மூன்றை எதிர்பார்த்து எழுதிய செலக்டருக்கு அது 12 என்று காட்டியது. அந்த எண்ணிக்கையை முதல்நாளே பார்த்திருந்தால் எல்லாம் விளங்கியிருக்கும்.

அடுத்து நிறம் தீட்டிப் பாருங்கள். அதே செலக்டருக்குத் தற்காலிகமாகச் சிவப்புக் கரை ஒன்று கொடுங்கள். யார் யார் அகப்பட்டிருக்கிறார்கள் என்பது கண்ணுக்கே தெரியும். வேலை முடிந்ததும் அதை எடுத்துவிட மறக்க வேண்டாம்.

பலகைக்கு உள்ளே இருப்பவற்றையும் பாருங்கள். ‘தொகுதிக்குள் இருக்கும் எல்லா இணைப்புகளும் தாவல்கள்’ என்று எழுதியிருந்தால், பலகைக்குள் விண்ணப்பப் படிவத்துக்கென்று கொடுத்த இணைப்பும் தாவலாகவே நடத்தப்படும். அழுத்தினால் படிவம் வராது, பலகை மறைந்துவிடும். அதேபோல, ‘தொகுதிக்குள் உள்ள பட்டியல் வரிகளை எல்லாம் பொத்தான் போலக் காட்டு’ என்று எழுதியிருந்தால், தேவையான ஆவணங்களின் பட்டியலும் பொத்தான்களாகத் தோன்றும். பார்ப்பவர் அவற்றை அழுத்திக்கொண்டே இருப்பார், ஒன்றும் நடக்காது. தாவல்களுக்கென்று தனியாக ஒரு வகுப்புப் பெயர் கொடுத்து அதை மட்டும் குறிப்பிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

ஒரு தொகுதியில் வேலை செய்தால் போதாது. அதே பக்கத்தில் இரண்டாவது தொகுதி ஒன்றை வைத்துப் பாருங்கள். பிறகு ஒன்றுக்குள் ஒன்றை வைத்துப் பாருங்கள். பலகை ஒவ்வொன்றிலும் வெவ்வேறு வசனங்களை எழுதி, முதலாவது தாவல் உட்பட எல்லாவற்றையும், எல்லா மொழிகளிலும் அழுத்துங்கள். எனது பக்கத்துக்கு இதைச் செய்ய ஐந்து நிமிடம்தான் எடுத்திருக்கும்.

பிழை தெரிந்ததும் ஒட்டுவேலை செய்யாதீர்கள். ஒரு வரியில் அகலமான செலக்டர் இருந்தால், அதே சொல் வேறு வரிகளிலும் இருக்கும். மறைக்கும் வரி, காட்டும் வரி, நிறம் எடுக்கும் வரி, நிறம் கொடுக்கும் வரி என்று நான்கையும் ஒன்றாகப் பாருங்கள். நான் ஒன்றைத் திருத்தி மற்றதை விட்டபடியால்தான், வெறுமையாக இருந்த பக்கம் பிழையான பக்கமாக மாறியது. வெறுமையாக இருந்தால் ஆட்கள் கேட்பார்கள். பிழையான விபரத்தைப் பலர் அப்படியே நம்பிவிடுவார்கள்.

கடைசியாக, பாவிக்கப் போகிறவரின் கையில் கொடுங்கள். எமக்குத் தெரிந்த வழியிலேயே நாம் அழுத்துவோம். அவர் தனக்குத் தேவையானதை அழுத்துவார்.

பாவிக்கும் சகோதரிகளுக்கு

இதுவரை எழுதியது முழுவதும் விளங்காவிட்டாலும் பரவாயில்லை. உங்களுக்குச் சொல்ல விரும்புவது ஒன்றுதான்.

ஒரு பக்கத்தில் எதையாவது அழுத்தி, அது வெறுமையானால், அல்லது வேறொன்று திறந்தால், ‘எனக்குத்தான் பாவிக்கத் தெரியவில்லை’ என்று மூடிவிடாதீர்கள். இன்னொரு தாவலை அழுத்துங்கள். எல்லாமே ஒன்று தள்ளித் திறக்கின்றனவா என்று பாருங்கள். மற்ற மொழியிலும் அப்படியா என்று பாருங்கள். திரையைப் படம் பிடித்து, எதை அழுத்தினீர்கள், எது வந்தது என்று இரண்டு வரி எழுதி, பக்கத்தை நடத்துபவர்களுக்கு அனுப்புங்கள். பிழையைத் திருத்துபவருக்கு அந்த இரண்டு வரி பெரிய உதவி. ‘வேலை செய்யவில்லை’ என்பதைவிட ‘காணவில்லையை அழுத்த இறப்பு வந்தது’ என்பது நூறு மடங்கு பயன் தரும். எனது பிழையை நான் ஓர் இரவில் கண்டுபிடித்தது அந்தச் சகோதரி அப்படிச் சொன்னபடியால்தான்.

அத்துடன், இணையத்தில் பார்த்த விபரத்தை மட்டும் வைத்து ஒரு பத்திரத்தில் கையெழுத்திடாதீர்கள். தலைப்பையும் உள்ளே உள்ளதையும் ஒப்பிட்டு வாசியுங்கள். தலைப்பு ஒன்றும் விபரம் இன்னொன்றுமாக இருந்தால், உரிய அலுவலகத்தில் நேரில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை மத்தியானம்

திருத்திய பக்கத்தை ஏற்றிவிட்டு, திங்கட்கிழமை மத்தியானம் வெள்ளவத்தைக்குப் போனேன். அந்தச் சகோதரிக்குச் சாப்பாட்டு நேரம். கடையின் பின்பக்கம் துணி மூட்டைகளுக்கு நடுவில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்து தொலைபேசியை வாங்கினார்.

முதலில் ‘காணி’யை அழுத்தினார். காணி வந்தது. ‘இறப்பு’ என்பதை அழுத்தினார். அது வந்தது. என்னைப் பார்த்தார். பிறகுதான் ‘காணவில்லை’யை அழுத்தினார்.

அந்தப் பலகை திறந்தது. நின்றபடியே முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசித்தார். தேவையான ஆவணங்களின் பட்டியலில் ஒவ்வொன்றாக விரலை வைத்து, “இது இருக்கு... இதுவும் இருக்கு... இது அம்மாவிட்ட” என்று சொன்னார். படிவத்தின் இணைப்பை அழுத்தினார். படிவம் வந்தது.

“இப்ப சரியா வருது அக்கா,” என்றார்.

சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது என்று உள்ளிருந்து யாரோ கூப்பிட்டார்கள். “அக்கா!” என்றுதான் கூப்பிட்டார்கள். நாங்கள் இருவருமே திரும்பிப் பார்த்தோம்.